பின் வாங்கில் இருப்பவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய சீர்திருத்தச் சபையின் செயலாளராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு எழுபது குடும்பங்கள் அளவில் வருகின்றன. அவற்றில் இருபத்தொரு குடும்பங்கள் இடம்பெயர்ந்து அலைந்து, கடைசியில் ஆலயத்துக்குக் கிட்டக் காணி எடுத்துக் குடியேறியவை. வேறு ஊர், வேறு சாதி. வந்து எட்டு வருடமாகிறது. யாரும் அவர்களைத் தடுத்ததில்லை. ஆனாலும் பின் வாங்குகளிலேயே (பின் இருக்கைகளிலேயே) இருப்பார்கள், ஆசீர்வாதம் முடிந்ததும் போய்விடுவார்கள். பதினொரு பேர் கொண்ட கமிட்டியில் அவர்களில் ஒருவரும் இல்லை. போன மாதம் அவர்களில் ஒரு பெடியனுக்கு வேதபாடம் வாசிக்கக் கொடுத்தோம். "உச்சரிப்புச் சரியில்லை" என்று மூப்பர் ஒருவர் கமிட்டியில் சொன்னார். அது அவன் காதுக்கும் போய்விட்டது. இப்போது அவனும் இரண்டு சிநேகிதரும் வேறொரு செபக் கூட்டத்துக்குப் போகிறார்கள். இன்னொன்று, சக்கர நாற்காலியில் வரும் ஓர் அம்மாவை நான்கு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுவருகிறோம். "ஒருமைப்பாட்டு ஞாயிறு" ஒன்று வைப்போமா என்று கேட்டேன். "எங்கட சபையில சாதி இல்லை, பிறகேன் அதைக் கிண்டுறியள்?" என்றார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்பின் செயலாளர் அவர்களுக்கு,

ஒருமைப்பாட்டு ஞாயிறை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். அந்த நாளில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். பின் வாங்குக் குடும்பங்களில் இரண்டு பேரை முன்னுக்கு அழைத்துப் பொன்னாடை போர்ப்பார்கள். "நாமெல்லோரும் ஒரே சரீரம்" என்று பிரசங்கம் நடக்கும். படமெடுத்துக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புவார்கள். பொன்னாடை வெளியிலிருந்து வருகிற விருந்தாளிக்குப் போர்ப்பது. எட்டு வருடமாக வருகிற ஒருவருக்கு அதைப் போர்த்தினால், "நீ இன்னும் வெளியாள்" என்று சபை முன்னிலையில் சொன்னதாகிவிடும். அடுத்த ஞாயிறு அவர் பழைய வாங்கிலேயே இருப்பார்.

"யாரும் தடுத்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன். தடுப்பதற்கு ஓர் ஆள் தேவைப்படாத அளவுக்கு ஒழுங்குகள் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. பதிவேட்டில் யார் பெயர், ஆலயக் கதவின் திறப்பு யாரிடம், வாசிப்பது யார், சமைப்பது யார், சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) யாருக்கு எந்த இடம் என்று பாருங்கள். இவற்றை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குங்கள், மனங்கள் பின்னால் வரும். மனம் மாறட்டும், பிறகு ஒழுங்கை மாற்றுவோம் என்று இருந்தால் இன்னும் எட்டு வருடம் போய்விடும்.

முதல் வேலை எண்ணுவது. எட்டு ஞாயிறு எண்ணுங்கள். ஒளித்துச் செய்ய வேண்டாம். "ஆராதனைப் பணிகளை யார் யார் செய்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுக்கிறோம்" என்று போதகர் ஐயாவிடமும் கமிட்டியிடமும் சொல்லிவிட்டு, பழைய குடும்பத்தில் ஒருவர், புதிய குடும்பத்தில் ஒருவர் என இரண்டு பேரிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். வேதபாடம் இரண்டு, மன்றாட்டு ஒன்று, காணிக்கை எடுப்பது நான்கு பேர் என்று வைத்தால் ஓர் ஆராதனைக்கு ஏழு பணி, எட்டு ஞாயிறுக்கு ஐம்பத்தாறு. எழுபதில் இருபத்தொன்று என்பது நூற்றுக்கு முப்பது. அந்தக் கணக்குப்படி பதினாறு, பதினேழு பணி அவர்களிடம் போயிருக்க வேண்டும். இரண்டோ மூன்றோதான் போயிருக்கிறது என்றால், "சாதி இல்லை" என்று சொன்னவரோடு வாதாட வேண்டியதில்லை, கொப்பியை மேசையில் வையுங்கள். பெயர்களைக் காட்ட வேண்டாம், எண்ணிக்கை போதும். அதே கொப்பியில் இன்னும் இரண்டு விஷயம் குறியுங்கள்: ஆராதனை முடிந்து தேத்தண்ணிக்கு நின்றவர்கள் யார், அந்த எட்டுக் கிழமைக்குள் போதகர் ஐயா யார் யார் வீட்டுக்குப் போனார்.

வாசலையும் கவனியுங்கள். புதிதாக ஒருவர் வந்தால் நம்மவர் கேட்கிற முதல் கேள்வி "நீங்கள் எவடம்? ஆற்ற ஆக்கள்?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் அது ஊர் விசாரிப்பது மட்டுமல்ல என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். வாசலில் நிற்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லி, பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இருக்க இடம் காட்டட்டும். ஊரை வந்தவரே சொல்லும்வரை கேட்க வேண்டாம். இதற்கு இரண்டு மூன்று ஞாயிறு நினைவூட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் வாய் தானாகவே அங்கே போகும்.

பதிவேடுதான் பெரிய முடிச்சு. இருபத்தொரு குடும்பங்களில் எத்தனை பேர் முறையான அங்கத்தவர் என்று பாருங்கள். ஐந்தாறுக்கு மேல் இராது என்றே நினைக்கிறேன். பதிவேட்டில் இல்லாதவர் வாக்களிக்க முடியாது, கமிட்டிக்கு நிற்க முடியாது. ஆகவே கமிட்டியில் அவர்கள் இல்லாதது தேர்தலில் தோற்றதால் அல்ல, தேர்தலுக்குள்ளேயே வராததால். ஏன் பதியவில்லை என்றால், "மாற்றுக் கடிதம் கொண்டு வரட்டும்" என்று சொல்லியிருப்பார்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவரிடமும், 1995 ஒக்டோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தவரிடமும், 2009 வரை வன்னியில் இடம் இடமாக ஓடியவரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது எப்படி? சில இடங்களில் சான்றிதழ் கொடுத்த ஆலயத்தின் பதிவேடே அழிந்துவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது. முதலில் பழைய சபைக்கு எழுதிப் பிரதி கேளுங்கள். எழுத வேண்டியது நீங்கள், அந்தக் குடும்பம் அல்ல. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அவர் கையொப்பமிட்ட கூற்று ஒன்று, ஞானப்பெற்றோரோ கூடப் பிறந்தவரோ என இரண்டு சாட்சிகளின் கையொப்பம், போதகரின் குறிப்பு ஆகியவற்றோடு பதிவேட்டில் ஏற்றும்படி போதகர் ஐயாவிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் மேலிடத்தின் அனுமதியை அவர் எழுத்தில் பெறுவார். மறுபடி ஞானஸ்நானம் கொடுப்போம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்பது பெரும்பாலான வரலாற்றுத் திருச்சபைகளின் போதனை. உண்மையான சந்தேகம் இருந்தால் "முன்பு பெற்றிராவிட்டால்" என்ற நிபந்தனையோடு கொடுக்கும் முறையே சில திருச்சபைகளில் உண்டு. சந்தா நிலுவை என்ற தடையும் வரும். எட்டு வருடச் சந்தாவைக் கேட்காதீர்கள், பதிவு செய்த மாதத்திலிருந்து கணக்கு ஆரம்பிக்கட்டும். நாட்கூலிக் குடும்பத்துக்கு மாதச் சந்தாவைவிட வாரக் காணிக்கை உறை சுலபம். இவ்வளவையும் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்னதாக முடியுங்கள். வாக்காளர் பட்டியலைப் பூட்டும் திகதிக்குப் பிறகு முடித்தால் இன்னொரு வருடம் வீண்.

இப்போது அந்தப் பெடியனின் உச்சரிப்பு. ழகரம் பிசகியிருக்கலாம், அவசரமாக வாசித்திருக்கலாம். அப்படியானால் எல்லா வாசிப்பாளருக்கும் ஒரே பயிற்சி வையுங்கள், முப்பது வருடம் வாசிக்கிற மூப்பருக்கும் சேர்த்து. பகுதியைப் புதன்கிழமையே கொடுங்கள். சனி பின்னேரம் ஆலயத்தில், ஒலிவாங்கியைப் போட்டு, ஒருமுறை வாசிக்கட்டும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண். கடைசி வாங்கில் ஒருவர் இருந்து கேட்டு, விளங்காத சொல்லைச் சொல்லட்டும். நம் ஆலயங்களில் மின்விசிறிச் சத்தம் பாதி வசனத்தை விழுங்கிவிடும், அதற்கும் வாசிப்பவரைத்தான் குறை சொல்வார்கள். முதல்முறை வாசிப்பவருக்குப் பெந்தெகொஸ்தே நாளின் "பர்த்தரும், மேதரும், எலாமீத்தரும்" வருகிற பகுதியைக் கொடுக்காதீர்கள், சங்கீதம் ஒன்றைக் கொடுங்கள். வாசிப்புப் பட்டியலை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டினால், சனி இரவு தொலைபேசியில் ஆளை மாற்றுகிற பழக்கம் நின்றுவிடும். அந்தச் சனி இரவுத் தொலைபேசியில்தான் பழைய ஆட்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

வாலிபர் ஏன் வேறு கூட்டங்களுக்குப் போகிறார்கள் என்று பெரியவர்கள் மேளத்தையும் கைதட்டலையும் காரணம் சொல்வார்கள். அதைவிட எளிய காரணம் உண்டு. அங்கே போன இரண்டாம் கிழமையே "தம்பி, கீபோர்ட் அடிப்பியா?" என்று கேட்கிறார்கள்.

அடுத்து, தேத்தண்ணி. இது சின்ன விஷயம் என்று கமிட்டி சொல்லும். யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு எந்த ஏனத்தில் ஊற்றிக் கொடுப்பது என்பது ஒருநாளும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. சிரட்டையும் தனிப் பேணியும் மறைந்துவிட்டன, ஆனால் உள்ளறையில் கமிட்டிக்காரருக்குக் கோப்பையும் சோசரும், வெளியே வாசலில் நிற்பவர்களுக்குக் கடதாசிக் கப்பும் என்றால் பார்க்கிறவர் பழையதைத்தான் பார்ப்பார். எல்லோருக்கும் ஒரே ஏனம், ஒரே வரிசை, கமிட்டித் தலைவரும் வரிசையில். திருவிருந்திலும் இதே விதி. தனிக் கிண்ணம் என்றால் எல்லோருக்கும் தனிக் கிண்ணம். பொதுக் கிண்ணம் என்றால் எல்லோருக்கும் அதே கிண்ணம், வாங்கு வாங்காக எழுந்து வரும் வரிசையில். சிலருக்குப் பிறகு குடிக்காமல் இருப்பதற்காக இடம் மாறி எழுந்து போகிற பழக்கம் இருந்தால் அதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அறுவடை விழாச் சாப்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. புதிய குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிடுவது கஷ்டமே இல்லை. அவர்கள் சமைத்ததைப் பழைய குடும்பங்கள் சாப்பிடுகின்றனவா என்பதில்தான் எல்லாம் தெரியும். மாதர் சங்கம் சமையல் குழுவைப் பெயரின் அகரவரிசைப்படி பிரிக்கட்டும், எட்டு எட்டுப் பேராக. அப்போது ஒவ்வொரு குழுவிலும் இரு பக்கமும் இருக்கும், ஒருவரும் தெரிவு செய்ததாகவும் இராது. முதல் தடவை சிலர் "இண்டைக்கு வயித்துக்குச் சரியில்லை" என்பார்கள். வற்புறுத்த வேண்டாம், அடுத்த முறையும் அதே அகரவரிசையில் போங்கள். மாதர் சங்கத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: சமையல் முழுவதும் பெண்கள் கையில், பணப்பெட்டி முழுவதும் ஆண்கள் கையில் என்றால் அதையும் இதே வருடத்தில் திருத்துங்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தை நடத்துகிற பெண்ணுக்கு வரவுசெலவு சொல்லித்தர வேண்டியதில்லை. விழாவில் குத்துவிளக்கு ஏற்ற அவரைக் கூப்பிடத் தயங்குகிற வழக்கம் இருந்தால், அடுத்த விழாவில் அவரையே முதலில் கூப்பிடுங்கள்.

கமிட்டிக்கு வருகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை ஒரு கூட்டத்தில் மெதுவாக வாசியுங்கள். கிரேக்கம் பேசியவர்களின் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படாமல் போனார்கள், ஆகவே அவர்கள் முறுமுறுத்தார்கள். "முறுமுறுக்காதீர்கள்" என்று அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிவு செய்யும்படி சபையாரிடம் சொல்லி, பந்தியையே அந்த ஏழு பேரிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பங்கீடு போனது என்று பலர் கருதுகிறார்கள். உங்கள் சபைக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்குத் தெரியாது.

ஆகவே பதினொரு பேரில் குறைந்தது இரண்டு, சரியாகச் சொன்னால் மூன்று. ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள். தனியாக ஒருவர் இருந்தால் எல்லா விஷயத்திலும் "உங்கட ஆக்கள் என்ன சொல்லினம்?" என்று அவரைப் பார்த்துக் கேட்பார்கள். அவர் மூன்று கூட்டத்துக்குப் பிறகு வராமல் விடுவார், "இடம் கொடுத்தோம், அவர்தான் வரவில்லை" என்று கூட்டறிக்கையில் எழுதப்படும். அவர்களில் ஒருவர் நிதிக் குழுவில் இருக்க வேண்டும். தேர்தல் வரும்வரை நியமன உறுப்பினராக எடுக்க விதியில் இடமிருந்தால் எடுங்கள், வாக்குரிமையோடு. கூட்டத்தை யாருடைய வீட்டிலும் வைக்க வேண்டாம். சில வீடுகளில் அவர்களின் பெற்றோர் விறாந்தையைத் தாண்டி உள்ளே அழைக்கப்பட்டதில்லை. அந்த வீட்டின் கூடத்துக்குள் இருந்துகொண்டு அவர் எப்படி எதிர்க்கருத்துச் சொல்வார்? ஆலய மண்டபத்தில், வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய அங்கத்தவர்கள் அன்போடு பணம் அனுப்புவார்கள், வாட்ஸ்அப்பில் முடிவும் அனுப்புவார்கள். பணத்தை நன்றியோடு வாங்குங்கள். வாக்கு இங்கே வசிக்கிற அங்கத்தவருக்கு மட்டும் என்பதை ஒரு தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

"எங்கட சபையில சாதி இல்லை" என்ற பெரியவரைப் பகைக்க வேண்டாம். அவர் அதை நல்லெண்ணத்தோடும் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே பேச்சுக்குத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் நீண்ட வரலாறு உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக இருந்து ஆராதித்தார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று நிருபம் எழுதினார். பலர் சபையை விட்டே விலகினார்கள், சாதி விலகவில்லை. மேலிருந்து வந்த கடிதத்தோடு கீழே இருக்கை, பாத்திரம், பதிவேடு என்று ஒழுங்குகள் சேர்ந்து மாறாவிட்டால் அப்படித்தான் ஆகும். நம் குடாநாட்டில் 1929இல் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று அரசு பணித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் வாங்கு மாறியது, இன்று அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதி காரணமாக வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வாசலில் தடுக்காததை ஒரு சாதனையாகச் சொல்ல முடியாது, அது சட்டம் கேட்கிற மிகக் குறைந்த அளவு என்பதை அவருக்கு மரியாதையோடு சொல்லலாம்.

சேமக்காலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது விரைவில் வரும். புதிய குடும்பத்தில் முதல் சாவு நிகழும் நாளில் "மூலைப் பக்கம் இடம் இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். சாவீட்டில் நின்று இதைப் பேசித் தீர்க்க முடியாது. இப்போதே வரைபடம் ஒன்று கீறுங்கள். ஏற்கெனவே குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்கு அது தொடரட்டும். மற்ற எல்லோருக்கும் திகதி வரிசை, இறந்த ஒழுங்கில் அடுத்தடுத்த குழி. மணி எத்தனை தரம் அடிப்பது, பூதவுடலை ஆலயத்துக்குள் கொண்டுவருவதா, பாடகர் குழு வருவதா, கட்டணம் எவ்வளவு என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, எல்லாக் குடும்பத்துக்கும் அதே பக்கத்தைக் கொடுங்கள்.

அந்த அம்மாவை நான்கு பேர் தூக்குவதை நிறுத்துங்கள். அன்போடு தூக்கினாலும், நாற்காலி சரிந்தால் எலும்பு முறியும். ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் பார்க்கத் தூக்கப்படுவது எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்ற அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. மூன்று படி, ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் என்றால் உயரம் 45, சாய்தளத்தின் நீளம் 540 சென்ரிமீற்றர். இடமில்லை என்று மேசன் மூன்று மீற்றரில் முடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். அந்தச் சரிவில் நாற்காலி பின்னுக்கு உருளும். அகலம் 120, இரு பக்கமும் கைப்பிடி, மேலே கதவுக்கு முன்னால் 150க்கு 150 சமதளம். முன்வாசலில் அவ்வளவு நீளம் கிடைக்காவிட்டால் பக்கவாசலைப் பாருங்கள், பல ஆலயங்களில் அங்கே ஒரு படிதான். தரையை வழுவழுப்பாகப் பூச வேண்டாம், கார்த்திகை மார்கழி மழையில் வழுக்கும். தும்புக் கால்மிதி போட்டால் சில்லுக்கடியில் மடங்கும். படலையிலிருந்து ஆலயம்வரை மணல் என்றால் சில்லு புதையும், ஆகவே பாதையிலும் கொங்கிறீற்றுக் கல் பதிக்க வேண்டும். சாய்தளத்தைக் கட்டிவிட்டுப் பாதையை மறந்த வளவுகள் பல. உள்ளே, நடுப்பகுதியில் ஒரு வாங்கை ஒரு மீற்றர் அளவு வெட்டி இடம் விடுங்கள், அவர் குடும்பத்தோடு இருக்கட்டும். எங்கே வெட்டுவது என்பதை அவரிடமே கேளுங்கள்.

சிக்கல் மூன்றாம் நாலாம் மாதத்தில் வரும். ஒன்றிரண்டு பழைய குடும்பங்கள் வராமல் விடும், காணிக்கை கொஞ்சம் குறையும், "உந்தச் செயலாளர் வந்தபிறகுதான் சபை குழம்பினது" என்று உங்களைச் சொல்வார்கள். அதற்கு முன்னரே சபையில் மதிப்புள்ள இரண்டு பழைய குடும்பத்துப் பெரியவர்களைத் தனித்தனியே சந்தித்து எண்ணிக்கைக் கொப்பியைக் காட்டுங்கள். அவர்கள் வரிசையில் நின்று தேத்தண்ணி குடித்தால் பாதிப் பேச்சு அடங்கும். போதகர்களுக்கு மாற்றம் வருவது வழக்கம். இப்போதைய ஐயாவின் நல்ல மனதை நம்பி எதையும் வாய்ச்சொல்லாக விடாதீர்கள், ஒவ்வொன்றையும் கூட்டறிக்கையில் தீர்மானமாக்குங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் கிழமையே, அந்தப் பெடியனின் வீட்டுக்குப் போங்கள். போதகர் ஐயாவும் நீங்களும் மட்டும். கமிட்டியில் சொல்லப்பட்டது பிழை, அதற்கு வருந்துகிறோம் என்று அவனிடமும் தாய் தகப்பனிடமும் சொல்லுங்கள். தேத்தண்ணி தந்தால் இருந்து குடியுங்கள். திரும்பி வா என்று கேட்க வேண்டாம். வாசிப்புப் பட்டியலையும் கையில் கொண்டு போக வேண்டாம்.